விளக்கைச் சுற்றி மஞ்சள் வளையம்

74 வயதுப் பெண்மணி. இதயச் செயலிழப்புக்காக வார்டில் சேர்ந்திருக்கிறார். தினமும் டிகாக்சின், ஃபுரோசமைடு இரண்டும் சாப்பிடுகிறார். காலை மருந்து கொடுக்க வந்த செவிலியரிடம், இரண்டு நாளாகச் சாப்பாடே பிடிக்கவில்லை, குமட்டுகிறது, விளக்கைச் சுற்றி மஞ்சளாக ஒரு வளையம் தெரிகிறது என்கிறார். நாடி நிமிடத்துக்கு 54. ரத்தத்தில் பொட்டாசியம் 2.9. செவிலியர் முதலில் செய்ய வேண்டியது எது?

1. டிகாக்சினை நிறுத்திவைத்து மருத்துவருக்குத் தெரிவிப்பது.
2. மாத்திரையைக் கொடுத்துவிட்டு ஒரு மணி நேரம் கழித்து நாடி பார்ப்பது.
3. குமட்டலுக்கு எழுதியிருக்கும் மருந்தைக் கொடுப்பது.
4. பொட்டாசியம் அதிகமுள்ள உணவுகளைச் சொல்லித் தருவது.

கேள்வியை எழுதியது நான். நர்சிங் மாணவிகளுக்குப் பாடம் எடுப்பது என் வேலை. அமெரிக்காவில் செவிலியராக உரிமம் பெற எழுத வேண்டிய என்கிளெக்ஸ் தேர்வுக்கு அவர்களில் சிலர் ஒவ்வோர் ஆண்டும் தயாராகிறார்கள். அந்தத் தேர்வின் உண்மையான கேள்விகள் வெளியே வரக் கூடாதவை. அதனால் அதே அச்சில் வார்த்த இந்தக் கேள்வியைக் கையில் பிடித்துக்கொண்டு, அப்படிப்பட்ட ஒன்று எங்கே பிறந்து எந்த வழியாகச் சென்னையில் ஒரு கணினித் திரைக்கு வந்து சேர்கிறது என்று சொல்லப் போகிறேன்.

இதன் பூர்வீகம் ஒரு செடி. இங்கிலாந்தில் வில்லியம் விதரிங் என்ற மருத்துவரிடம் 1775-இல் ஒரு நாட்டு மருந்தைப் பற்றிக் கருத்துக் கேட்டார்கள். உடம்பில் நீர் கோத்து வீங்கியவர்களுக்காக ஷ்ராப்ஷயர் பகுதிக் கிழவி ஒருவர் ரகசியமாக வைத்திருந்த குடும்பப் பக்குவம் அது. பல மூலிகைகள் கலந்த அந்தக் கலவையில் வேலை செய்வது ஃபாக்ஸ்குளோவ் செடிதான் என்று விதரிங் கண்டுபிடித்தார். பத்தாண்டு காலம் நோயாளிகளுக்குக் கொடுத்துப் பார்த்து, வெற்றி தோல்வி இரண்டையும் மறைக்காமல் 1785-இல் புத்தகமாக எழுதினார். அளவு மீறினால் குமட்டும், வாந்தி வரும், பொருள்கள் பச்சையாகவோ மஞ்சளாகவோ தெரியும், நாடி 35 வரைகூட இறங்கும் என்று அதில் பதிந்திருக்கிறார். சிறுநீரகத்திலோ வயிற்றிலோ நாடியிலோ குடலிலோ மருந்தின் வேலை முதன்முதலாகத் தெரிந்த உடனே நிறுத்திவிடுங்கள் என்று அறிவுரையும் சொல்லியிருக்கிறார். என் கேள்வியின் முதல் விடை அதுவேதான். 240 ஆண்டுகளாகச் சரியாக இருக்கும் விடை.

பொட்டாசியம் இந்தக் கதைக்குள் வந்தது மிகவும் பின்னால். இதயத்தின் செல் சுவரில் சோடியத்தை வெளியே தள்ளி, பொட்டாசியத்தை உள்ளே இழுக்கும் ஒரு பம்ப் இருக்கிறது. பொட்டாசியம் வந்து உட்கார வேண்டிய இடத்துக்கு டிகாக்சின் போட்டி போடுகிறது. ரத்தத்தில் பொட்டாசியம் 3.5-க்கும் 5-க்கும் இடையே இருக்கும்வரை போட்டி சமமாக நடக்கும். ஃபுரோசமைடு சிறுநீரோடு சேர்த்துப் பொட்டாசியத்தையும் வெளியேற்றிவிட்டால் இடம் காலியாகிவிடும். அதே மாத்திரை, அதே அளவு, ஆனால் டிகாக்சின் இன்னும் இறுக்கமாகப் பிடித்துக்கொள்ளும். நேற்று வரை மருந்தாக இருந்தது இன்று விஷம். 2.9 என்ற எண் கேள்விக்குள் வந்து உட்கார்ந்திருப்பது இதைச் சொல்லத்தான்.

அறிவு இப்படித் திரண்ட பிறகும், அது ஒரு செவிலியரின் கையில் இருக்கிறதா என்று எப்படிப் பார்ப்பது? சென்ற நூற்றாண்டின் முற்பகுதியில் அமெரிக்காவின் ஒவ்வொரு மாநிலமும் தன் தேர்வைத் தானே நடத்தியது. இரண்டாம் உலகப்போர் வந்தது. செவிலியர்கள் உடனே தேவைப்பட்டார்கள். கட்டுரைத் தாள்களைத் திருத்திக்கொண்டு உட்கார்ந்திருக்க யாருக்கும் நேரமில்லை. 1944-இல் மாநிலங்கள் கேள்விகளை ஒரு பொதுக் கிடங்கில் சேர்த்து, எல்லோருக்கும் ஒரே தாளை நடத்தத் தொடங்கின. 1950-க்குள் எல்லா மாநிலங்களும் சேர்ந்துகொண்டன. மருத்துவம், அறுவை சிகிச்சை, மகப்பேறு, குழந்தை நலம், மனநலம் என்று ஐந்து தாள். இரண்டு நாள் தேர்வு. பென்சிலால் எழுத வேண்டும். மாநிலச் செவிலியர் வாரியங்கள் ஒன்றுகூடி 1978-இல் தங்களுக்கென்று ஒரு தேசிய அமைப்பைத் தொடங்கின. அதன் தலைமையகம் சிகாகோவில் இருக்கிறது. 1982-இல் ஐந்து தாள்களும் கலந்து ஒரே தேர்வாகி, என்கிளெக்ஸ் என்ற பெயர் வந்தது. அந்த மாற்றம் எனக்குப் பிடித்தமானது. நோயாளி ஒருவர் மருத்துவம், அறுவை, மனநலம் என்று தாள் தாளாகப் பிரிந்து வந்து கட்டிலில் படுப்பதில்லை.

இன்று ஒரு கேள்வியின் பிறப்பு எழுதுபவரின் மேசையில் தொடங்குவதில்லை. புதிதாக வேலைக்குச் சேர்ந்த செவிலியர்களிடம் மூன்றாண்டுக்கு ஒருமுறை பெரிய கணக்கெடுப்பு நடக்கிறது. இந்த வேலையை எத்தனை முறை செய்கிறீர்கள், தவறினால் நோயாளிக்கு எவ்வளவு கேடு என்று ஒவ்வொரு வேலையாகக் கேட்கிறார்கள். அந்தப் பதில்களிலிருந்து எந்தப் பகுதிக்கு எவ்வளவு இடம் என்று வகுக்கிறார்கள். 2023-இல் நடைமுறைக்கு வந்த திட்டத்தில் மருந்துகளுக்கு 13 முதல் 19 சதவீதம். பேராசிரியர் மனத்துக்குப் பிடித்த அபூர்வ நோய்க்கு அங்கே இடமில்லை. புதுச் செவிலியர் இந்த வாரம் கையால் தொடும் வேலைக்குத்தான் இடம்.

அதன் பிறகுதான் எழுதுபவர் உட்காருகிறார். அவரும் செவிலியர்தான். சரியான விடையை எழுதுவது எளிது, புத்தகத்தில் இருக்கிறது. தவறான மூன்றை எழுதுவதுதான் தொழில். அபத்தமாக எழுதினால் யாரும் அதைத் தொட மாட்டார்கள். பாதி சரியாக எழுதினால் சண்டை வரும். உண்மையான வார்டில் நல்ல மனதோடு ஒருவர் செய்யக்கூடிய தவறு எதுவோ அதுதான் நல்ல தவறான விடை.

என் மூன்றாவது விடை எங்கிருந்து வந்தது என்று சொல்கிறேன். நான் ஸ்டாஃப் நர்ஸாகச் சேர்ந்த புதிது, நைட் டியூட்டி. ஒரு பாட்டி இரவுச் சாப்பாட்டைத் தொடவே இல்லை. வயிற்றைப் புரட்டுகிறது என்றார். கேஸ் ஷீட்டில் குமட்டல் ஊசி எழுதியிருந்தது, போட்டேன். விடியற்காலையில் மறுபடியும் கேட்டார், மறுபடியும் போட்டேன். இரண்டு முறையும் நேரம் எழுதி, கையெழுத்துப் போட்டு, ஒழுங்காகத்தான் செய்தேன். காலை ரவுண்டுக்கு முன்னால் இன்சார்ஜ் சிஸ்டர் வந்தார். மருந்துச் சீட்டை ஒருமுறை பார்த்தார். பாட்டியின் இடது மார்பில் ஸ்டெதஸ்கோப்பை வைத்து, தன் கைக்கடிகாரத்தையே பார்த்துக்கொண்டு நின்றார். கால் நிமிடம் எண்ணி நான்கால் பெருக்கவில்லை. முழு ஒரு நிமிடம்.

“பாட்டி, கண்ணுல ஏதாவது வித்தியாசமா தெரியுதா?”

“லைட்டைச் சுத்தி மஞ்சளா ஒரு வட்டம் தெரியுதும்மா. வயசாயிடுச்சில்ல.”

சிஸ்டர் என் பக்கம் திரும்பினார். “காலை டோஸ் கொடுத்துட்டியா?” இல்லை என்றேன். கொடுக்க வேண்டியது ட்ரேயில் தயாராக இருந்தது. மாத்திரையை எடுத்துத் தன் பையில் போட்டுக்கொண்டு போன் செய்யப் போனார். அதற்கு மேல் ஒரு வார்த்தை சொல்லவில்லை.

இரண்டாவது விடையும் நான்காவதும் இதே போன்ற இடங்களிலிருந்துதான் வருகின்றன. ரவுண்டுக்கு நேரமாகிறது, முதலில் மாத்திரையைக் கொடுத்துவிடலாம் என்ற அவசரம் இரண்டாவது. நான்காவதில் தவறே இல்லை. பொட்டாசியம் உள்ள உணவைச் சொல்லித்தரத்தான் வேண்டும், ஆனால் அதற்கு நாளைக்கும் நேரம் இருக்கிறது. ‘முதலில்’ என்ற ஒரே சொல்தான் அதைத் தவறாக்குகிறது.

எழுதியவர் கையைவிட்டு வந்த கேள்வியை வேறு செவிலியர்கள் சோதிக்கிறார்கள். புதியவர்களோடு வார்டில் தினமும் வேலை செய்கிறவர்கள் அவர்கள். சேர்ந்து ஆறு மாதம் ஆன பெண்ணுக்கு இது தெரிந்திருக்க வேண்டுமா, தெரியாவிட்டால் ஆபத்தா என்று கேட்கிறார்கள். சொல் சொல்லாகத் தட்டிப் பார்க்கிறார்கள். நான் எழுதிய முதல் வடிவத்தில் சரியான விடை மற்ற மூன்றையும்விட இரண்டு மடங்கு நீளமாக இருந்தது. காரணம் எல்லாம் அதிலேயே சொல்லியிருந்தேன். பாடம் படிக்காத மாணவிகூட நீளமானதைத் தேர்ந்தெடுத்துச் சரியாக்கினாள். வெட்டிச் சுருக்கினேன். நான்காவது விடையில் ‘கேண்டலூப்’ என்று ஒரு பழத்தின் பெயரை அமெரிக்கப் பாடப்புத்தகத்தில் பார்த்து எழுதியிருந்தேன். வகுப்பில் பாதிப் பேர் அங்கேயே நின்றுவிட்டார்கள். அது என்ன மருந்து என்று ஒருத்தி கேட்டாள். நம் ஊர்க் கிர்ணிப்பழத்தின் உறவுதான் என்றதும் எல்லா முகங்களும் தெளிந்தன. இளநீரில் பொட்டாசியம் உண்டு என்று அத்தனை பேருக்கும் தெரியும். அந்தக் கேள்வி சோதித்தது அவர்களுடைய நர்சிங் அறிவை அல்ல, எந்த ஊர்ச் சந்தையில் பழம் வாங்கினார்கள் என்பதை. பழத்தின் பெயரை எடுத்துவிட்டேன்.

பெரிய தேர்விலும் இதே கவலை உண்டு. பண்பாட்டுச் சாய்வு இருக்கிறதா என்று பார்க்கத் தனிக் குழு இருக்கிறது. அதோடு விடாமல் புள்ளிவிவரத்தையும் கேட்கிறார்கள். ஒரே அளவு திறமையுள்ள இரண்டு குழுக்களில் ஒன்று மட்டும் குறிப்பிட்ட கேள்வியில் தொடர்ந்து தடுக்கி விழுந்தால், சந்தேகம் அந்தக் குழுவின் மேல் விழாது, கேள்வியின் மேல் விழும். அப்படியும் மொழி ஏமாற்றிவிடுவதுண்டு. 2015-இல் கனடாவின் பெரும்பாலான மாகாணங்கள் இதே தேர்வை ஏற்றுக்கொண்டபோது, நியூ பிரன்ஸ்விக் மாகாணத்தில் பிரெஞ்சு மொழியில் எழுதியவர்களின் தேர்ச்சி சரிந்து, மொழிபெயர்ப்பின் மேல் கடும் புகார்கள் எழுந்தன. தாய்மொழியில் வேலை செய்யும் செவிலியர் தாய்மொழிக் கேள்வியின் முன்னாலேயே அந்நியராகிப் போனார் என்றால் அதன் வலி நமக்குப் புரியும்.

இத்தனையும் கடந்த பிறகும் கேள்விக்கு வேலை கிடைப்பதில்லை. முதலில் சம்பளமில்லாத பயிற்சிக் காலம். தேர்வு எழுதும் ஒவ்வொருவருக்கும் வரும் கேள்விகளில் 15 மதிப்பெண்ணில் சேராதவை. எவை அந்த 15 என்று தேர்வு எழுதுபவருக்குத் தெரியாது. அவர் கேள்விக்கு விடை தேடுகிறார். கேள்வியோ அவரை வைத்துத் தன் எடையைப் பார்த்துக்கொள்கிறது. மற்றவற்றில் நன்றாகச் செய்தவர்கள் இதில் மூன்றாவது விடைக்குப் போய், தடுமாறியவர்கள் முதல் விடையைப் பிடித்தார்கள் என்றால் கேள்வியில் கோளாறு இருக்கிறது. ஒருவர்கூடத் தொடாத விடை இருந்தால் அது இடத்தை அடைத்துக்கொண்டிருக்கிறது. பிழைத்து வரும் கேள்வியின் நெற்றியில் ஓர் எண்ணை எழுதுகிறார்கள், அதன் கடினம்.

அந்த எண்ணுக்குப் பின்னால் இருப்பவர் ஜார்ஜ் ராஷ் என்ற டென்மார்க் கணிதவியலாளர். 1960-இல் வந்த அவருடைய புத்தகத்தின் அடிப்படையில், கேள்வியின் கடினத்தையும் தேர்வு எழுதுபவரின் திறமையையும் ஒரே அளவுகோலில் வைக்கலாம். அதன் அலகு லாஜிட். இரண்டும் ஒரே படியில் நின்றால் சரியாகச் சொல்லும் வாய்ப்பு பாதிக்குப் பாதி. எழுதுபவர் ஒரு லாஜிட் மேலே நின்றால் வாய்ப்பு ஏறத்தாழ 73 சதவீதம். 2013-இல் தேர்ச்சிக் கோட்டை 0.00 லாஜிட் என்று வைத்தார்கள். 2023-இல் புதிய வடிவம் வந்தபோதும் அதை நகர்த்தவில்லை.

1994 ஏப்ரலில் பென்சில் போய்க் கணினி வந்ததிலிருந்து, கேள்விகள் வரிசையாக நிற்பதில்லை, அழைத்தால்தான் வருகின்றன. ஒரு பதிலைக் கொடுத்ததும் கணினி எழுதுபவரின் திறமையை மறுபடி கணக்கிட்டு, அவர் பாதிக்குப் பாதி வாய்ப்பில் திணறும் கேள்வியைக் கிடங்கிலிருந்து எடுக்கிறது. நன்றாகச் செய்பவருக்குக் கடினமானவை வந்துகொண்டே இருக்கும். அதனால் வகுப்பின் முதல் மாணவியும் ஏறத்தாழ பாதியைத் தவறவிடுவாள். இதை நான் முன்கூட்டியே நூறு தடவை சொல்லி அனுப்புகிறேன். அப்படியும் அழுதுகொண்டுதான் போன் செய்கிறார்கள். “மேடம், ஒண்ணுமே தெரியல மேடம், எல்லாமே புதுசா இருந்துச்சு” என்பார்கள். தேறிவிட்டாள் என்று நான் நினைத்துக்கொள்வது பெரும்பாலும் அந்தக் குரலைக் கேட்கும்போதுதான்.

2005-இல் இந்தக் கேள்விகள் முதன்முதலாக அமெரிக்க எல்லையைத் தாண்டி லண்டன், சோல், ஹாங்காங் மூன்று ஊர்களுக்குப் போயின. பிறகு இந்தியாவுக்கும் வந்தன. இன்று சென்னையில் மையம் இருக்கிறது. 1926-ஆம் ஆண்டு மதராஸ் சட்டத்தின் வழியே வந்த செவிலியர் கவுன்சிலில் பதிவு செய்து, அந்தப் பதிவை அமெரிக்க வாரியத்துக்கு உறுதிப்படுத்த வைத்து, 200 டாலர் தேர்வுக் கட்டணமும் வெளிநாட்டில் எழுதுவதற்காக இன்னொரு 150 டாலரும் கட்டி, அனுமதிக் கடிதத்துக்காக மாதக்கணக்கில் காத்திருந்து, கடைசியில் இரவு பஸ் பிடித்துச் சென்னைக்கு வருகிறாள் ஒரு பெண். பாஸ்போர்ட்டைக் காட்டுகிறாள். உள்ளங்கை நரம்புகளை ஒரு கருவி படம் பிடிக்கிறது. கைக்கடிகாரம் வெளியே. வார்டில் ஒருநாளும் கழற்றாத கடிகாரம். அழித்து எழுதும் பலகையும் மார்க்கரும் கொடுக்கிறார்கள்.

திரையில் என் பாட்டி வந்து நிற்கிறார். பின்னால் திரும்பிப் போக வழியில்லை. விடை கொடுத்த கேள்வியை மறுபடி பார்க்க முடியாது. குறைந்தது 85, அதிகபட்சம் 150 கேள்விகள், ஐந்து மணி நேரம். கோட்டுக்கு மேலேயோ கீழேயோ என்று கணினி 95 சதவீத உறுதிக்கு வந்த கணத்தில் திரை அணையும். 85-இல் அணைந்தால் நல்லதா கெட்டதா என்று ஆண்டாண்டாக மாணவிகள் கேட்கிறார்கள். இரண்டும்தான். கணினிக்குச் சந்தேகம் தீர்ந்துவிட்டது என்று மட்டும் பொருள். மையத்தில் யாரும் முடிவைச் சொல்ல மாட்டார்கள்.

கேள்விகளுக்கும் ஓய்வு உண்டு. சிலவற்றை மருத்துவம் ஓய்வு கொடுத்து அனுப்புகிறது. மூச்சுப்பாதை, மூச்சு, பிறகு ரத்த ஓட்டம் என்ற முதலுதவி வரிசையை நாங்கள் எல்லோரும் மந்திரமாகப் படித்தவர்கள். 2010-இல் அமெரிக்க இதயச் சங்கம், இதயம் நின்றவருக்கு முதலில் மார்பு அழுத்தம் என்று வரிசையை மாற்றியது. அதுவரை சரியாக இருந்த விடை அன்றோடு தவறானது. சில கேள்விகளையோ நாம் கொல்கிறோம். தேர்வு எழுதிவிட்டு வந்தவர்களிடம் ஞாபகம் இருக்கும் கேள்விகளைக் கறந்து, ‘ரீகால்’ என்று தொகுத்து விற்பவர்கள் எல்லா ஊரிலும் இருக்கிறார்கள். என் மாணவிகளிடமும் காசு வாங்கியிருக்கிறார்கள். எனக்கு அதில் தீராத கோபம் உண்டு. எழுதியவர், சோதித்தவர், அறியாமலே எடை பார்த்துக் கொடுத்தவர்கள் என்று அத்தனை பேரின் உழைப்பையும் ஒரே இரவில் வெறும் மனப்பாடமாக்கிவிடுகிறார்கள். முதல் விடை என்று மனப்பாடம் செய்தவளுக்கு மாத்திரையை ஏன் நிறுத்தினோம் என்று தெரியாது. அடுத்த பாட்டி மஞ்சள் என்ற சொல்லைச் சொல்லாமல் விட்டுவிட்டால் அவள் மாத்திரையைக் கொடுத்துவிடுவாள்.

2023 ஏப்ரல் 1-ஆம் தேதி தேர்வே உருவம் மாறியதற்குக் காரணம் இதற்கு மிகவும் பக்கத்தில் இருக்கிறது. பழைய கேள்வியில் தேவையான குறிப்புகளை மட்டும் பொறுக்கி ஒரு பத்தியாகக் கட்டிக் கொடுத்துவிடுகிறோம். வார்டில் யாரும் அப்படிக் கட்டிக் கொடுப்பதில்லை. இப்போது நோயாளியின் கேஸ் ஷீட்டே திரைக்கு வருகிறது. நர்ஸ் குறிப்பு, ரத்தப் பரிசோதனை, மருந்துப் பட்டியல் என்று தனித்தனிப் பக்கங்கள். அதன் மேல் ஆறு கேள்விகள். எது கவனிக்க வேண்டிய அறிகுறி, அதற்கு என்ன பொருள், எது முதன்மை, என்னென்ன செய்யலாம், இப்போது எதைச் செய்வது, செய்தது பலித்ததா. பாதி சரி என்றால் பாதி மதிப்பெண்ணும் உண்டு. மதிப்பெண்ணில் சேரும் இப்படிப்பட்ட கேஸ்கள் ஒவ்வொருவருக்கும் மூன்று.

என் பாட்டியையும் இந்த வடிவத்துக்கு மாற்றினேன். இரண்டு வாரம் ஆனது. ஒரு பத்தியில் இருந்தவரைப் பிரித்து மூன்று நாள் குறிப்புகளில் பரப்பினேன். முழங்கால் வலி, மகன் வராத வருத்தம், வெந்நீர் சூடு போதவில்லை என்ற புகார் எல்லாவற்றுக்கும் நடுவே, மஞ்சள் வளையத்தை இரவு 2 மணிக் குறிப்பின் கடைசி வரியில் வைத்தேன். பொட்டாசியம் வேறு பக்கத்தில். நாடி இன்னொன்றில். முதல் ஐந்து கேள்விகளும் தகராறில்லாமல் அமைந்தன.

ஆறாவதில்தான் நின்றுவிட்டேன். சிகிச்சை பலித்தது என்று காட்டும் குறிப்புகளைத் தேர்ந்தெடுக்கச் சொல்ல வேண்டும். நாடி 72, பொட்டாசியம் 3.9 என்று எழுதிவிட்டேன். இன்னும் ஒன்று வேண்டும். அந்த நைட் டியூட்டி முடிந்த மூன்றாம் நாள் நான் மறுபடி வார்டுக்குப் போனதை நினைத்துப் பார்த்தேன். மூன்றாவது குறிப்பாக அதை எழுதினேன்:

‘காலை 7.30. நோயாளி பக்கத்துக் கட்டில்காரரிடம் இட்லி மீதி இருக்கிறதா என்று கேட்டார். இரண்டு சாப்பிட்டார். இன்னும் ஒன்று கேட்டார்.’